அழைப்பவர்க்கு ஒரு கதவு
(குரல்வழி மறுமொழிப் பொறிகளைப் பற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒருவர் தம் பணப்பையைத் தொலைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வைப்பக அட்டை. அதனை முடக்குமாறு கூறத் தொலைபேசியை எடுக்கின்றார். மறுமுனையில் பேசுவது பொறி. “இருப்பை அறிய ஒன்றை அழுத்துக, கடன் பற்றி அறிய இரண்டை அழுத்துக” என்று அது தன் போக்கில் ஒப்புவிக்கின்றது. அவரோ “அட்டை போய்விட்டது” என்கின்றார். “தாங்கள் கூறியது விளங்கவில்லை” என்பது விடை. மீண்டும் கூறுகின்றார், மீண்டும் அதே விடை. இடைப்பட்ட ஒவ்வொரு நொடியிலும் அவர் பணம் பறிபோகக் கூடும். இதற்குப் பொறியைக் கடிந்து பயனென்ன? அதற்கு உரையாடல் எழுதிக் கொடுத்தவனையன்றோ கேட்டல் வேண்டும்!

தொலைபேசி விசையொலி நேற்று வந்ததன்று. அமெரிக்காவில் பெல் தொலைபேசியமைப்பு அழுத்துவிசைத் தொலைபேசியை 1963 நவம்பர் 18ஆம் பக்கல் வழங்கத் தொடங்கிற்று. ஒவ்வொரு விசைக்கும் இரண்டு ஒலிகள். ஐந்தை அழுத்தின் நொடிக்கு 770 அதிர்வும் 1336 அதிர்வும் ஒருங்கே எழும். பேச்சையும் விசையொலியையும் சேர்த்தாளும் உரையாடலை எழுதுதற்கென ஏ.டி. அண்டு டி., ஐ.பி.எம்., லூசண்டு, மோட்டோரோலா ஆகிய நான்கும் கூடி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நிரல்மொழியே வாய்சு எக்சு.எம்.எல். உலக வலைக் கூட்டமைப்பு அதன் இரண்டாம் பதிப்பை 2004 மார்ச்சில் தன் பரிந்துரையாக ஏற்றது. இனிக் கூறுவன அப்பதிப்பின் நெறிகள்.

அழைப்பவர் வாளாவிருந்தால் அஃது ஒரு நிகழ்வு. பேசியது எதிர்பார்த்த சொற்களுள் எதனோடும் பொருந்தாவிடின் அது வேறொரு நிகழ்வு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவோர் பலர். வாளாவிருப்பவர் வினாவையே கேளாதிருக்கலாம், அட்டை எண்ணைத் தேடிக்கொண்டிருக்கலாம். அவருக்கு வேண்டுவது பொழுது. பொருந்தாதது சொன்னவரோ வினாவைக் கேட்டுவிட்டார். எவ்வாறு விடையிறுப்பது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. அவருக்கு வேண்டுவது எடுத்துக்காட்டு. இருவர்க்கும் “விளங்கவில்லை” என்று ஒரே விடை கொடுப்பது, பசித்தவனுக்கும் நோயுற்றவனுக்கும் ஒரே கலத்தில் கஞ்சி வார்ப்பது போன்றதாகும்.

நிகழ்வை ஏற்று வினைபுரியும் பகுதியை ஏற்பி என்போம். வினாவிற்குள் ஏற்பி இல்லையெனின் பொறி அதனை உள்ளடக்கிய படிவத்தில் தேடும். அங்கும் இல்லையெனின் ஏட்டிலும், பின்னர் அனைத்து ஏடுகட்கும் பொதுவான வேரேட்டிலும் தேடும். ஏற்பிக்கு எண்ணிக்கையும் குறிக்கலாம்: முதன்முறை தவறினால் ஒன்று, மூன்றாம் முறை தவறினால் மற்றொன்று. இங்கொரு நுட்பம் உண்டு. அண்மையிலுள்ள ஏற்பி முதன்முறைக்கு உரியதாகவும், தொலைவில் வேரேட்டிலுள்ளது மூன்றாம் முறைக்கு உரியதாகவும் இருப்பின், மூன்றாந் தவற்றில் வேரேட்டின் ஏற்பியே வெல்லும். அண்மையை விட எண்ணிக்கைக்கே அங்கு முதன்மை. ஆகவே “மூன்று முறை தவறினால் அலுவலரிடம் இணைக்க” என்று வேரேட்டில் ஒருமுறை எழுதினாற் போதும். வினாதோறும் எழுத வேண்டுவதில்லை. இத்துணை எளியதைச் செய்யாமல் அழைப்பவரைச் சுற்றிச் சுற்றி அலைய விடுவோரை என்னென்பது!

குறுவழிகளும் இவ்வாறே. “உதவி” என்ற சொல்லோ சுழி விசையோ எவ்விடத்தும் செல்லுமாறு வேரேட்டில் இணைப்பு வைக்கலாம். உதவி, விலக்கல், வெளியேறல் ஆகிய பொதுச் சொற்களைப் பொறி தானே ஏற்கும் என்று சோம்பியிருத்தல் ஆகாது. எழுதுவோன் கேட்டுப் பெறாவிடின் அவை அடைபட்டே கிடக்கும். விலக்கல் நிகழ்வு எழுந்தாலும் அதற்கு ஏற்பி எழுதப்படவில்லையெனின் பொறி வாய் திறவாது.

இணைப்பை வைத்த பின்னும் அதனை அடைக்கும் பூட்டொன்று உண்டு. ஒரு வினாவைத் தனிப்பூட்டு நிலையில் வைத்தால், அவ்வினாவிற்குரிய சொற்களன்றி வேறெதுவும் செவியேறாது. சுழியை எத்துணை முறை அழுத்தினும் அலுவலர் வாரார். குரலைப் பதியும் இடத்தில் எழுதுவோன் விலக்காதவரை இந்நிலையே இயல்பு. கமுக்க எண் கேட்குமிடத்தில் சிலர் வேண்டுமென்றே இதனை வைக்கின்றனர். எண்ணை மறந்தவர் தவிப்பதும் அவ்விடத்திலேதான்!

பழகிய அழைப்பாளர் அறிவிப்பு முடியுமுன்பே விசைகளைத் தொடர்ந்து தட்டுவர். பொறி அவற்றைச் சேர்த்து வைத்துக் கொள்ளும். ஆனால் குறுக்கிடலாகாது என்று குறித்த அறிவிப்பொன்று இடையே வந்தால், சேர்த்த விசைகள் அனைத்தும் அழிந்துபடும். பெரும்பாலும் அவ்வறிவிப்பு நிறுவனத்தின் தற்புகழ்ச்சியாக இருக்கும். குறுக்கிட விடுமிடத்தும் இருவகை உண்டு: எவ்வொலி கேட்டாலும் பேச்சை நிறுத்துவது ஒன்று, எதிர்பார்த்த சொல் கேட்டால் மட்டுமே நிறுத்துவது மற்றொன்று. பேருந்து நிலையத்திலிருந்து அழைப்பவர்க்கு முன்னது பெருந்தொல்லை.

இறுதியாக, அழைப்பவர் சினந்து தொலைபேசியை வைத்துவிடுகின்றார். அதுவும் ஒரு நிகழ்வே. அதற்கும் ஏற்பி எழுதலாம். அதன்பின் பேச முடியாதெனினும், எவ்வினாவில், எத்தனையாவது தவற்றின் பின் அவர் வைத்தார் என்று குறித்துக் கொள்ள இயலும். அக்குறிப்புகளை நாள்தோறும் எடுத்துப் பார்க்கும் அலுவலர் ஒருவர் இருப்பாராயின், அட்டை தொலைத்தவர் எந்த வரியிற் கைவிடப்பட்டார் என்பதை அன்று மாலையே கண்டு, அந்த வரியைத் திருத்தி விடலாம்.