கிளச் அறுந்த வண்டி



கிளச் கம்பி அறுந்தால் மோட்டார் சைக்கிள் ஓடாது என்பது பலருடைய எண்ணம். தகடுகள் தேய்ந்தால்தான் இயந்திரம் இரைந்தும் சில்லு சுழலாதிருக்கும். கம்பி அறுந்தாலோ, உள்ளே வில்லுகள் தகடுகளை இறுக்கிக்கொண்டே இருக்கின்றன, விடுவிக்கத்தான் வழியில்லை. வண்டி போகும். நிற்க அதற்குத் தெரியாது.

2012 ஆம் ஆண்டு, யாழ்ப்பாணத்திலிருந்து மீசாலைக்குத் திரும்புகையில், அரியாலையில் எனக்கு இது நேர்ந்தது. பையிலே தாயாருக்கான இன்சுலின், பனிக்கட்டியிட்ட குடுவையில். சித்திரை வெயில். தேநீர்க் கடையடியில் நின்ற முதியவர் வந்து பார்த்தார்.

"தம்பி, ஸ்ராட் பண்ணி, நியூற்றலிலை வைச்சுத் தள்ளுங்கோ. உருளேக்கை ஏறி முதலாம் கியரைப் போடுங்கோ. நிப்பாட்டிறதெண்டால் முன்னமே நியூற்றலுக்கு வந்திடுங்கோ."

ஒரு குலுக்கலோடு வண்டி பாய்ந்தது. பிறகு கியர் மாற்ற, அக்சிலேட்டரைத் தளர்த்தி, பாரம் விடுபடும் அந்த நொடியைப் பிடிக்கவேண்டும். யாப்புப் படிப்பிப்பவனுக்கு இது அவ்வளவு புதிதன்று. சீர் பிரியும் இடத்தைக் காதுதானே சொல்கிறது!

நாவற்குழிப் பாலம், கைதடி எல்லாம் கடந்தாயிற்று. சாவகச்சேரிச் சந்தையடியில் பஸ் ஒன்று குறுக்கே திரும்பிற்று. நியூற்றல் விழவில்லை, பிறேக்கை அழுத்த இயந்திரம் அணைந்தது. மறுபடி தள்ளத் தொடங்கினேன். பாடசாலைப் பிள்ளைகள் இருவர், கேளாமலே, பின்னால் கைகொடுத்தார்கள்.

வீடு சேர்ந்தபோது குடுவையில் நெல்லிக்காயளவு பனிக்கட்டி மிஞ்சியிருந்தது. தாயார் மருந்தைப் பார்க்கவில்லை. என் வெள்ளைச் சேட்டிலிருந்த எண்ணெய்க் கறையைத்தான் பார்த்தார்.