பொருநைக் கரையில் தாழியும் சேரியும்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு மொழி சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



ஆற்றங்கரை நாகரிகம்னு பள்ளிக்கூடப் புத்தகத்துல எல்லாரும் படிச்சிருப்போம். நைல், சிந்து, யூப்ரடீஸ். ஆற்றங்கரையில் மனிதன் குடியேறினான், பயிர் செய்தான், ஊர் உண்டாயிற்று என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எந்த மனிதன்? அவனுடைய பேரப் பிள்ளைகள் இப்போ எந்தத் தெருவுல இருக்காங்க? அந்த வரிக்குள் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. நம்ம பொருநையை, அதாவது தாமிரபரணியை வைத்து இதைக் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

பெரிய ஆறு ஒண்ணும் இல்லை. பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் பக்கம் கடலில் சேர்கிறது. நீளம் 130 கிலோமீட்டர்கூட வராது. ஆனால் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இதற்குத் தண்ணி கொடுக்குது. வருசத்துக்கு இரண்டு போகம் விளையும். மனிதர்கள் இந்தக் கரையைப் பிடித்துக்கொண்டதற்கு வேறு மர்மம் எதுவும் கிடையாது.

ஸ்ரீவைகுண்டம் பக்கத்துல தென்கரையில ஆதிச்சநல்லூர். 114 ஏக்கர் பரம்பு. 1876ல் ஜெர்மனிக்காரர் யாகோர் வந்து தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்கு எடுத்துப் போனார். பிறகு 1899லிருந்து அலெக்சாண்டர் ரீ பல வருசம் தோண்டினார். தங்க நெற்றிப்பட்டம், வெண்கலத்தில் எருமை, சேவல், இரும்பில் வாள், ஈட்டி, மண்வெட்டி, பானைக்குள் நெல் உமி. இதையெல்லாம் பட்டியல் போட்டு எழுதினார். 2004, 2005ல் தொல்லியல் துறை மறுபடி தோண்டியபோது சின்ன இடத்துக்குள்ளேயே 160க்கு மேல் தாழிகள். அந்த அறிக்கை வெளியே வர பத்து வருசத்துக்கு மேல் ஆயிற்று, நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டியிருந்தது. செத்தவன்கூட இவ்வளவு நாள் காத்திருந்ததில்லை என்று ஊருக்குள்ளே கேலி பேசலாம்.

சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021ல் சொன்னார்கள். அதே சிவகளையில் இரும்பு கிடைத்த தாழியின் கரித்துண்டு கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 சனவரியில் தமிழக அரசு அறிவித்தது. ஆய்வாளர்கள் சிலர் இன்னும் சான்று வேணும்கிறாங்க. கேட்கட்டும், ஆய்வுன்னா அதுதான். நம்ம கேள்வி வேற.

அந்தத் தாழி இறங்கிய குழியைப் பாருங்கள். பாறையைக் குடைந்து வெட்டியது. எத்தனை பேர் எத்தனை நாள் குடைந்திருக்க வேண்டும்! பயிர் ஏறாத மேட்டைப் பிணத்துக்கு ஒதுக்கிவிட்டு, தண்ணி ஏறுகிற தாழ்வை வயலுக்கு வைத்துக்கொண்ட கணக்கு அது. தாழியைச் சுட்ட சூளை, இரும்பை உருக்கிய உலை, குழி வெட்டிய கை. இந்த வேலைகளைச் செய்கிறவர்களுக்குப் பின்னால் வந்த ஏற்பாடு என்ன பெயர் வைத்தது? பிணக்குழி வெட்டுகிறவன் வெட்டியான், தீண்டக்கூடாதவன். நாகரிகத்தின் அடையாளம் என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பது அந்தக் குழியைத்தான். அதை வெட்டுகிற தொழில் மட்டும் இழிவு.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'தாழிக் காலத்தில் எல்லாரும் சமம்' என்று மேடையில் முழங்குகிறார்கள். அவசரம் வேண்டாம். ஒரு தாழியில் தங்கப் பட்டம், பக்கத்துத் தாழியில் வெறும் எலும்பும் உடைந்த பானையும். வசதி உள்ளவன், இல்லாதவன் என்பது அப்பவே இருந்திருக்கு. ஆனால் பிறப்பினால் ஒருவன் தீட்டு என்பதற்கு அந்தப் பரம்பில் தடயம் இல்லை. இவ்வளவுதான் சொல்ல முடியும். இது நமக்குப் போதும், ஏனென்றால் சாதி ஆதியிலிருந்தே இருக்கு, இயற்கை மாதிரி என்கிறவனுக்குத்தான் சான்று தேவைப்படுகிறது.

மண்டையோட்டுக் கதை இன்னொன்று. ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளை வெள்ளைக்காரர்கள் அளந்து இன்ன இனம், அன்ன இனம் என்று எழுதினார்கள். அதை வைத்து நம்ம ஆட்களில் சிலரும் 'நாங்கதான் தனி ரத்தம்' என்று கிளம்புகிறார்கள். பாபாசாகேப் 1948ல் 'தீண்டத்தகாதவர்கள் யார்?' நூலில் இந்த அளவுகோலையே எடுத்து, கூர்யே சேகரித்த மூக்கு அளவுகளைக் காட்டி, ஒரே பகுதியின் பார்ப்பனரும் தீண்டத்தகாதவரும் ஒரே இனம்தான் என்றார். தீண்டாமைக்கு வேர் ரத்தத்தில் இல்லை என்பது அவர் வாதம். மண்டையோட்டைத் தூக்கிக்கொண்டு பெருமை பேசுகிற தோழர்கள் அந்த நூலை ஒருமுறை படித்துவிட்டு வரலாம்.

அப்படியானால் வேர் எங்கே? இந்த ஆற்றில் அது நிலத்தில் இருக்கிறது. சோழர் காலத்துக்குள் நஞ்சைக் கரையில் பிரமதேயங்கள் வந்துவிட்டன. சேரன்மகாதேவி ஒரு சதுர்வேதிமங்கலம். அதே சேரன்மகாதேவியில் 1920களில் குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டு நாடே சண்டை போட்டது. ஆற்றில் எட்டு அணைக்கட்டு. கடைசி ஸ்ரீவைகுண்டம் மட்டும் வெள்ளைக்காரன் காலத்தது, மற்ற ஏழும் அதற்கு முந்தியது. கல்வெட்டில் தானம் கொடுத்தவன் பெயரும் வாங்கியவன் பெயரும் இருக்கும். ராத்திரியில் மடை திறந்து எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணி என்று கணக்கு வைத்திருந்த மடைக்குடும்பன் பெயர் இருக்குமா? வயலை அறிந்தவனுக்கு வயல் இல்லை. அவன் குடியிருப்பு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்.

ஆற்றங்கரையில் செத்தவனுக்கு இடம் கிடைப்பதும் இன்றைக்குச் சாதி பார்த்துத்தான். நம்ம ஆறு இல்லை, பாலாறு. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் ஒரு தலித் மனிதரின் உடலை வழிவிடாததால் பாலத்திலிருந்து கயிறு கட்டி ஆற்றுக்குள் இறக்கினார்கள். படம் பார்த்திருப்பீர்கள். மூவாயிரம் வருசத்துக்கு முன் பாறையைக் குடைந்து மரியாதையாக இறக்கிய நாட்டில் இது நடக்கிறது.

நம்ம ஆற்றுக்கே வருவோம். 1999 சூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலமாகத் திருநெல்வேலி கலெக்டர் ஆபீசுக்குப் போன சனங்களை போலீஸ் அடித்து விரட்டியது. ஓடினவர்கள் ஆற்றுக்குள் விழுந்தார்கள். 17 பேர் செத்தார்கள். அதில் இரண்டு பெண்கள், இரண்டு வயசுகூட ஆகாத ஒரு குழந்தை. மலையில் இலை கிள்ளுகிறவர்கள் கூலி கேட்டுக் கீழே வந்தார்கள், மலையிலிருந்து வருகிற அதே தண்ணி அவர்களைக் கொண்டுபோயிற்று. விசாரணை ஆணையம் போட்டார்கள், அதிலிருந்து நியாயம் வரவில்லை.

ஆதிச்சநல்லூரில் 2023லிருந்து குழிகளுக்கு மேல் கண்ணாடி போட்டுக் காட்டுகிறார்கள். நல்லதுதான், எல்லாரும் போய்ப் பார்க்கணும், நாங்களும் எதிர்ப்பு இல்லை. ஆனால் கொக்கிரகுளத்தில் வருசா வருசம் சூலை 23ந் தேதி ஆற்றில் பூப்போடுகிற சனங்களுடைய நினைவும் இந்த ஆற்றின் வரலாறுதான். கி.மு. 1155ஐத் தமிழனின் பெருமை என்று கொண்டாடுகிறவர்கள் 1999 என்றதும் ஏன் வாயை மூடிக்கொள்கிறார்கள்? ஒரே ஆறு, ஒரே மண், தேதி மட்டும்தானே வேற?

மாணவர்கள் ஒரு வேலை செய்யலாம். கரையோர ஊர்களில் வயலுக்கு, மடைக்கு, வாய்க்காலுக்கு, சுடுகாட்டு மேட்டுக்கு வழங்குகிற பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். நாற்று நட்ட பாட்டிகளிடம் முதலில் கேளுங்கள், அவுங்களுக்குத்தான் கூடத் தெரியும். எந்த மேட்டில் உழும்போது பானை ஓடு வந்தது, அந்த நிலம் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அகழாய்வு நடக்கிற இடங்களில் கூலிக்கு மண் வெட்டுகிற ஆண் பெண் எந்தத் தெருக்காரர்கள், எந்தத் தாழியை யார் கை முதலில் தொட்டது, அதையும் கேட்டு வையுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்த நோட்டைக் கொண்டு வாங்க. அதிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.