டாக்டருக்கு யார் டாக்டர்?

நமக்கு மனசு சரியில்லையென்றால் டாக்டரிடம் போய்ச் சொல்கிறோம். அந்த டாக்டருக்கே மனசு சரியில்லையென்றால்? பெரும்பாலும் அவர் யாரிடமும் சொல்வதில்லை. தொழிலில் பெயர் கெட்டுவிடுமோ என்ற பயம்.

1950களில் லண்டன் டேவிஸ்டாக் கிளினிக்கில் மைக்கேல் பாலின்ட் என்ற மனநல மருத்துவர் இருந்தார். புடாபெஸ்டில் பிறந்தவர்; அவர் அப்பாவும் டாக்டர்தான். இவரும் மனைவி ஈனிட்டும் குடும்ப டாக்டர்கள் சிலரைச் சேர்த்து, வாராவாரம் பேச வைத்தார்கள். யாராவது ஒருவர், தன் மனசை விட்டு அகலாத ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வார். கையில் கேஸ் தாள் கூடாது. என்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்று மற்றவர்கள் கேட்பதில்லை. அந்த ஆளைப் பார்த்தாலே உங்களுக்கு ஏன் எரிச்சல் வருகிறது என்றுதான் பேச்சு போகும். இப்போது இதுபோன்ற பல 'பாலின்ட் குழு'க்களில், சொன்னவர் சற்று நேரம் வாய் திறக்காமல் கேட்க வேண்டும். டாக்டர்களுக்கு இதுதான் கஷ்டம்!

ஒரு குழுவுக்கு எட்டுப் பத்துப் பேர் போதும். அறையில் பேசியது வெளியே போகாது. இதனால் ராத்திரி டியூட்டி குறைந்துவிடாது. அது தனிச் சண்டை. ஆனால் 'எனக்கு மட்டும்தான் இப்படியோ' என்ற தவிப்பு குறைகிறது.

இந்த அனுபவத்தை பாலின்ட் 1957இல் புத்தகமாக்கினார். இன்று ஜெர்மனியில் குடும்ப மருத்துவராகப் பயிற்சி பெறுகிறவர்கள் பாலின்ட் குழுவிலும் உட்கார்ந்தாக வேண்டும்.