சொந்தப் பாட்டு
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



'இசையும் இளைஞரும்' என்று அழைப்பிதழில் என் பெயருக்கு நேரே அச்சிட்டுவிட்டார்கள். தமிழிசை இயக்கத்தைப் பற்றிப் பேசுவேன் என்று எண்ணி வந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். இம்மாநகரில் பிறந்த ஒரு ராக் இசைக்குழுவைப் பற்றியே பேசப் போகிறேன்.

1984-இல் தோன்றிய அக்குழுவின் பெயர் 'ராக் மெஷின்'. அந்நாளில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்து 'கிளாம் மெட்டல்' என்னும் இசைவகை உலகெங்கும் பரவிற்று. இடிபோன்ற கிடார், நாவில் ஒட்டும் மெட்டு, தோளில் புரளும் கூந்தல், முகத்தில் பூச்சு! அதன் சாயல் நம் நகரத்துக் குழுவின் மீதும் படிந்தது. கூத்து மரபில் வந்த நமக்கு ஆடவர் அரிதாரம் பூசுவது புதிதன்று. ஆயினும் நம் வீட்டுப் பிள்ளை முடி வளர்த்தால் மட்டும் வானம் இடிந்து விழுந்துவிடுகிறது.

நாம் சண்முகானந்தா மண்டபத்துக்குக் கச்சேரி கேட்கப் புறப்பட்ட மாலைகளில், நம் பிள்ளைகள் மாட்டுங்கா ரோடில் வண்டியேறி, மரைன் லைன்ஸில் இறங்கி, ரங்பவன் திறந்தவெளி அரங்குக்கு ஓடினார்கள். என் மகனும் ஓடினான். 1989-இல் தேர்வில் ஒரு தாளில் தவறினான். அவனுடைய கிடாரை நான் விற்றுவிட்டேன். அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

அக்காலத்துக் குழுக்கள் பெரும்பாலும் அயல்நாட்டார் பாட்டையே எழுத்துப் பிசகாமல் பாடின. கூட்டமும் அதையே கேட்டது. ராக் மெஷினும் அப்படித் தொடங்கியதுதான். ஆனால் 1988-இலும் 1990-இலும் தன் சொந்தப் பாடல்களை இசைத்தொகுப்புகளாக வெளியிட்டது. 1993-இல் அந்தப் புகழ்பெற்ற பெயரையே துறந்து, சிந்து நதியின் பெயர் தாங்கி 'இண்டஸ் கிரீட்' ஆயிற்று. வணிகர் கண்ணுக்கு இது மடமை. அவ்வாண்டே அதன் 'பிரெட்டி சைல்ட்' பாடற்காட்சி எம்.டி.வி.யின் ஆசிய நேயர் விருதைப் பெற்றது.

புகழ் வந்ததே தவிரப் பிழைப்பு வரவில்லை. திரையிசை ஆளும் சந்தையில் ஆங்கிலத்தில் பாடும் இந்தியக் குழுவுக்கு இடம் ஏது? 1997-இல் குழு கலைந்தது. பாடகர் உதய் பெனகல் நியூயார்க் சென்றார். மருத்துவமனைகளும் கல்லூரியும் அருகிருந்தமையால், ஒலிக் கட்டுப்பாடுகளால் ரங்பவனும் பின்னர் ஊமையாயிற்று.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2010-இல், பெனகலும் கிடார்க் கலைஞர் மகேஷ் தினைக்கரும் விசைப்பலகைக் கலைஞர் ஜுபின் பலாபோரியாவும் இளைஞர் இருவரைச் சேர்த்துக்கொண்டு மீண்டும் மேடையேறினர். பழைய பாட்டுகளைப் பாடியே காலம் தள்ளியிருக்கலாம். 2012-இல் 'எவால்வ்' என்னும் புதிய தொகுப்பைத் தந்தார்கள்!

இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர் நகைத்தார். 1990-இல் தீக்கிரையான சண்முகானந்தா 1998-இல் மீண்டும் திறந்தபோது அவர் கண்கலங்கியதை நான் கண்டிருக்கிறேன். நம் கண்ணீர் உயர்ந்தது, பிள்ளைகளின் கண்ணீர் தாழ்ந்ததா?

'அவர்கள் பாடியது ஆங்கிலம் அன்றோ? தமிழ்ச் சங்கத்தில் அதற்கென்ன வேலை?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. நம் தாராவியின் டோப்படெலிக்ஸ் குழுவினரைப் பாருங்கள். மேல்நாட்டு ராப் வடிவத்தை எடுத்துத் தாராவித் தெருவின் வாழ்வைத் தமிழிலும் இந்தியிலும் பாடினார்கள். 2018-இல் 'காலா' திரைப்படம் அவர்களைத் தேடி வந்தது. நம் சங்க மேடையோ இன்றுவரை அவர்களைப் போன்றோரைத் தேடவில்லை.

திரைக்குப் பின்னே என் பேத்தி கிடாருடன் நிற்கிறாள். நிகழ்ச்சி நிரலில் 'திரைப்படப் பாடல்' என்று செயலாளர் குறித்திருக்கிறார். அன்புகூர்ந்து அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். பாட்டு அவளும் தோழியரும் தமிழில் எழுதியது. எனக்கு ஒதுக்கிய நேரத்தில் ஐந்து மணித்துளிகள் மீதமிருக்கின்றன. அவற்றை அவர்களுக்குத் தந்து அமர்கிறேன்.