வேஸ்ட் தோல் யார் கணக்கில்?

மனித மூலதனம் பற்றிய கருத்தரங்கைச் சென்னையில் நடத்தாமல் மாதனூரில் நடத்துவது நல்ல முடிவு. விடிந்ததும் இந்த நெடுஞ்சாலையில் நின்று, ஆம்பூருக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஷூ கம்பெனி பஸ்களைப் பார்த்தாலே நம் பாடம் தொடங்கிவிடும்.

1960 டிசம்பரில் அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்தில் தலைமையுரை ஆற்றிய தியோடர் ஷுல்ட்ஸ், மனிதரின் கல்விக்கும் உடல்நலத்துக்கும் வேலையிடப் பயிற்சிக்கும் செலவிடுவதும் முதலீடே என்றார். மனிதரை மூலதனம் என்பதா என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள் என்பது அவருக்கே தெரியும். எனக்கும் கொஞ்சம் சுளிக்கத்தான் செய்கிறது. ஆனால் கணக்கேட்டில் மெஷின் சொத்தாகவும் பயிற்சி வெறும் செலவாகவும் எழுதப்படும்வரை அவர் வாதம் நமக்குத் தேவை.

ஸ்கைவிங் மேசைக்கு வாருங்கள். ஷூவின் மேல்பகுதியான அப்பருக்கு வெட்டிய தோலின் ஓரத்தைச் சீவி மெலிதாக்கும் வேலை அது. ஓரம் தடித்து நின்றால், மடித்துத் தைத்த இடம் புடைத்துக் காலை உறுத்தும். அளவுமீறிச் சீவினாலோ, லாஸ்டிங்கில் அச்சின்மேல் இழுக்கும்போது கிழியும். ஒரே தோலில் முதுகுப் பக்கம் கெட்டி, வயிற்றுப் பக்கம் தளர்ச்சி. மெஷினில் ஒருமுறை அளவு வைத்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. விரல்தான் சொல்ல வேண்டும். தையல் இன்னும் கண்டிப்பானது. துணியென்றால் பிரித்துத் தைக்கலாம், தோலில் ஊசி போன ஓட்டை போனதுதான். தையல் நெருங்கி விழுந்தால் அஞ்சல்தலைத் தாள்போல அந்த வரியிலேயே பிய்ந்துவரும்.

ஆகவே கற்றுக்கொள்ளும் பெண்ணுக்கு வீணாக்கத் தோல் வேண்டும். அந்த வேஸ்ட் தோலை யார் கணக்கில் எழுதுவது? டார்கெட் ஓடும் லைனில் அதை ஏற்க சூப்பர்வைசருக்கு மனம் வராது. புதிதாக வந்தவள் நூல் வெட்டி, பசை தடவி, பக்கத்து அக்காவின் கையைப் பார்த்தே மாதங்களைக் கழிக்கிறாள். அவள் கற்ற வேகத்தில்தான் ஷூவின் தரமும் வரும்.

கைத்திறனுக்குக் காட்டும் இந்தக் கஞ்சத்தனத்தை, தோல் பதனிடும் வேதியியலுக்கு நாம் காட்டவில்லை. 1948இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது; தோல் விஞ்ஞானி நாயுடம்மா போன்றவர்கள் அதை வளர்த்தார்கள். 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி, முழுதாக முடித்த தோலுக்கும் ஷூவுக்கும் தொழிலைத் திருப்பியது. வேலை பதனிடும் டிரம்மிலிருந்து தையல் மெஷினுக்கு நகர்ந்தது. முதலீடு அதே அளவில் கூடவே நகரவில்லை என்பது என் கட்சி.

எங்கும் செல்லுபடியாகும் திறமைக்கு முதலாளி செலவழிக்கமாட்டார், கற்பவரே குறைந்த கூலி வாங்கி அதைச் சுமப்பார் என்று பொருளியலாளர் கேரி பெக்கர் 1960களில் விளக்கினார். இங்கே அதையே வேறு விதமாகக் கேட்கலாம்: "நாங்க கத்துக் கொடுக்கறோம், கொஞ்சம் கூடக் கிடைச்சா பக்கத்துக் கம்பெனிக்குப் போயிடறாங்க." குறையில் நியாயம் உண்டு. ஆனால் அதனால் கற்றுத்தராமல் இருப்பது எப்படித் தீர்வாகும்? சேர்ந்து சுமக்கும் வழி நமக்குப் புதிதல்ல: தனித்தனியே கழிவுநீரைச் சுத்திகரிக்க முடியாத தோல் ஷாப்புகள், அதாவது பதனிடும் ஆலைகள், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சேர்ந்தன. அதேபோல, ஏற்றுமதியாகும் ஜோடிக்கு இவ்வளவு என்று எல்லாரும் பணம் போட்டால், பொதுப் பயிற்சிக் கூடமும் வேஸ்ட் தோலும் யாருக்கும் பாரமாகாது.

பொது என்று பெயர் வைத்தால் மட்டும் போதாது. 2015 ஜனவரி 31 அதிகாலை, இராணிப்பேட்டை சிட்கோவில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஷுல்ட்ஸ் தம் பட்டியலில் உடல்நலத்தையும் இடப்பெயர்வையும் சேர்த்திருந்தார். நம் கருத்தரங்குகள் பட்டப்படிப்போடு நின்றுவிடுகின்றன.

கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். பள்ளிப்படிப்பு ஆண்டுகளையும் சம்பளத்தையும் மட்டும் ஒப்பிடாதீர்கள். எத்தனை மாதப் பயிற்சிக்குப் பின் ரிஜெக்ட் எவ்வளவு குறைகிறது என்பதை லைன்வாரியாக எடுங்கள். கம்பெனிகளிடம் அந்தப் பதிவு இருக்கிறது, கேட்டு வாங்குவதுதான் கஷ்டம். சமன்பாடுகளைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளுங்கள். பின்வரிசையில் அமர்ந்திருக்கும் ஷூ கம்பெனித் தொழிலாளர்கள் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். முதல் அமர்வில் கேள்வி கேட்கும் உரிமை அவர்களுக்கே.