கம்பு யார் கையில்?

(கொல்லிமலை, வாழவந்தி நாட்டில் சிலம்பப் பயிற்சி துவங்கியபோது பேசிய பேச்சு)



காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது வளைவு ஏறி வந்திருக்கிறோம். வழியில் ஒரு பெரியவர் எங்களை நிறுத்திக் கேட்டார்: "மிளகை வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ளிவிட்டு வருகிறோம். மரவள்ளிக்கும் அதே கதி. இதையெல்லாம் விட்டுவிட்டுக் கம்பு சுற்றச் சொல்லிக் கொடுக்கவா மலை ஏறி வந்தீர்கள்?" நியாயமான கேள்வி. வேடிக்கை காட்ட வந்தவர்களாக இருந்தால் அந்த இடத்திலேயே திரும்பிப் போயிருப்போம்.

நாங்கள் வந்த காரணத்தை ஒளிக்காமல் சொல்லுகிறோம். இந்த மலையிலிருந்து பெண்பிள்ளைகள் கீழே பஞ்சாலைக்குப் போகிறார்கள். ஆண்பிள்ளைகள் செங்கல் சூளைக்கும் போர்வெல் வண்டிக்கும் போகிறார்கள். ஊர் புதிது, பேசும் பேச்சு புதிது, பக்கத்தில் சொந்தம் கிடையாது. மேஸ்திரி கையை ஓங்குகிறான். ஓங்கிய கை விழுவதற்கு முன்பே நம் உடம்பு குறுகிப் போகிறது! இந்தக் குறுகல் இருக்கிறதே, அதுதான் முதலாளிக்கும் பண்ணையாருக்கும் காசில்லாமல் கிடைக்கிற காவல்காரன். முதுகு நிமிராத ஆள் மிளகு நிறுக்கும் தராசின் முன்னாலும் நிமிர மாட்டான். பெரியவர் கேட்ட கேள்விக்கு எங்கள் பதில் இதுதான்.

உங்கள் செம்மேட்டில் வில்லோடு நிற்கிறான் வல்வில் ஓரி. வருஷா வருஷம் ஆடி மாதம் சர்க்கார் விழா நடக்கிறது, வில்வித்தைப் போட்டி நடக்கிறது. யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் ஒரே அம்பால் வீழ்த்தியவன் என்று சங்கப் பாட்டு அவனைக் கொண்டாடுகிறது. நல்லது, நாமும் கொண்டாடுவோம். ஆனால் அதே சங்கப் பாட்டு இன்னொன்றையும் சொல்லுகிறது. முள்ளூர்க் காரி படையோடு வந்தான், ஓரியைக் கொன்றான், கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான். ஒரு அம்பில் ஐந்து உயிரை வீழ்த்தத் தெரிந்தவனாலும் மலையைக் காப்பாற்ற முடியவில்லை. விழா மேடையில் இந்தப் பாதியை யாரும் பேசுவதில்லை. அவனுக்கு அம்பு செதுக்கிக் கொடுத்த கை யாருடையது என்றும் யாரும் கேட்பதில்லை.

வில் போயிற்று, கம்பு இருந்தது. 1801-ல் பாளையக்காரர்களை அடக்கிய கையோடு, தென்சீமை ஜனங்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாதென்று சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் பிரகடனம் போட்டான். 1878-ல் வந்த ஆயுதச் சட்டம், வெள்ளைக்காரனுக்கு விலக்குக் கொடுத்துவிட்டு இந்தியனை மட்டும் லைசென்ஸ் கேட்டது. வாளைப் பிடுங்கலாம், துப்பாக்கியைப் பிடுங்கலாம். மாடு ஓட்டுகிறவன் கையிலிருந்தும் பாம்பு நடமாடும் பாதையில் நடக்கிறவன் கையிலிருந்தும் கம்பை எந்தச் சர்க்கார் பிடுங்க முடியும்? அது ஏழையின் ஆயுதமாக நிலைத்தது.

ஏழையின் ஆயுதம் என்று சொன்னோம். எப்போதும் அப்படியா இருந்தது? இல்லை. சிலம்பம் தமிழர் வீரக்கலை என்று மார்தட்டுகிறவர்கள், அந்தக் கம்பு யார் முதுகில் விழுந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கீழத் தஞ்சையில் பண்ணையின் அடியாள் கையில் கம்பும் சவுக்கும் இருந்தன, பண்ணையாள் வாயில் சாணிப்பால் ஊற்றப்பட்டது. களத்துமேட்டில் சாதி பார்த்துக் கம்பு சொல்லிக் கொடுத்த ஊர்கள் உண்டு. 1940-களில் தோழர் பி. சீனிவாசராவும் மற்றவர்களும் சேரி சேரியாகப் போய்ச் சங்கம் கட்டினார்கள். அதற்குப் பிறகுதான் அந்தச் சவுக்கு கீழே இறங்கியது. ஆகவே இந்தக் களத்தில் முதல் நிபந்தனை: எந்த வீட்டுப் பிள்ளை, ஆணா பெண்ணா என்று கேட்கப்பட மாட்டாது. கற்றுக்கொண்டு எவனுக்காவது அடியாளாகப் போகிறவனுக்கு இங்கே இடமில்லை.

நம் இளைஞர்கள் சிலர் கைப்பேசியில் பிலிப்பைன்ஸ் நாட்டுக் குச்சிச் சண்டையைப் பார்த்துவிட்டு, "அது வேகமாக இருக்கிறதே, நம்முடையது சுற்றிக்கொண்டே இருக்கிறதே" என்று கேட்கிறார்கள். அதைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். அவர்களும் நம்மைப்போல் வெள்ளைக்காரனிடம் அகப்பட்டவர்கள்தான். 1521 ஏப்ரல் 27-ந் தேதி மக்டான் தீவின் கரையில் ஸ்பெயின் அரசன் அனுப்பிய மகெல்லன் இறங்கினான். இரும்புக் கவசம், துப்பாக்கி எல்லாம் இருந்தது. லாப்புலாப்புவின் ஆட்கள் மூங்கில் ஈட்டியும் நெருப்பில் வாட்டிக் கூராக்கிய கழியும் வைத்திருந்தார்கள். மேலெல்லாம் கவசம், கால் மட்டும் வெறுங்கால் என்று கண்டுகொண்டார்கள், காலையே குறிவைத்தார்கள். மகெல்லன் அந்தக் கரையிலேயே மாண்டான். கூட வந்தவனே எழுதிவைத்த செய்தி இது. எதிரியின் பலத்தில் போய் முட்டாதே, அவன் மூடாத இடத்தைப் பார் என்பது அன்றே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அர்னிஸ், எஸ்க்ரிமா, காலி என்று அதற்கு மூன்று பெயர். 2009-ல் சட்டம் போட்டே அர்னிஸை அந்த நாட்டின் தேசியத் தற்காப்புக் கலையாக அறிவித்தார்கள். நம் சிலம்பக் கம்பு நெற்றி மட்டம் இருக்கும். அவர்கள் குச்சி சுமார் 28 அங்குலப் பிரம்பு. பிரம்பு உடைந்தால் நார் நாராகப் போகும், சிலாம்பு பறந்து கண்ணில் குத்தாது. கரும்புத் தோட்டத்தில் கத்தி பிடித்து வேலை செய்கிற கைக்கு அது அந்நியமில்லை. அவர்களுடைய பாடத்தில் நமக்கு மிகவும் உபயோகமானது ஒன்று உண்டு. அதற்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர், பாம்பின் பல்லைப் பிடுங்குதல். எதிரி தடி எடுத்து வந்தால் அவன் மண்டையைப் பார்க்காதே, தடி பிடித்த கையைப் பார். மணிக்கட்டில் ஒரு அடி, தடி கீழே விழுந்துவிடும். பல் போன பாம்பு கடிக்காது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்லுகிறோம்? மண்டையில் அடித்தால் ஆள் சாகிறான், நம் ஆள் ஜெயிலுக்குப் போகிறான். கோவைப் பக்கம் சின்னியம்பாளையத்தை மறக்க முடியுமா? ஆலை அடியாட்கள் சங்கத்துக்காரர்களைத் தாக்கினார்கள், பெண் தொழிலாளியை மானபங்கம் செய்தார்கள். ஆத்திரம் கொண்ட தொழிலாளர் திருப்பித் தாக்கினார்கள். அடியாள் ஒருவன் மாண்டான். ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் என்ற நான்கு தோழர்களை 1946 ஜனவரி 8-ந் தேதி கோவைச் சிறையில் தூக்கிலிட்டார்கள். பெண்ணின் மானத்தைக் குலைத்தவனுக்காகக் கண்ணீர் வடித்த கோர்ட், அவளுக்காகக் கொதித்தவனுக்குக் கயிறு மாட்டியது. அந்த நால்வரை நாங்கள் வணங்குகிறோம். இன்னொரு நால்வரை இழக்க எங்களுக்கு மனமில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுகிறோம்.

சட்டம் என்ன சொல்லுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த தற்காப்புப் பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை இருக்கின்றன. உங்கள் உடம்பையும் பிறர் உடம்பையும் காக்க உங்களுக்கு உரிமை உண்டு. பலாத்காரம், கடத்தல், அமிலம் வீச்சு போன்ற தாக்குதல் வரும்போது, தடுப்பதில் தாக்கியவன் உயிரே போனாலும் அது குற்றமாகாது. ஆனால் தேவைக்கு மேல் அடிக்கக் கூடாது. ஆபத்து நின்றதும் உரிமையும் நின்றுவிடும். கீழே விழுந்தவனை அடித்தால், ஓடுகிறவனைத் துரத்திப் போய் அடித்தால், அது தற்காப்பு இல்லை, வழக்கு. தற்காப்புக்காகவே அடித்தேன் என்று கோர்ட்டில் காட்ட வேண்டிய பாரமும் உங்கள் தலையில்தான் இருக்கும். அதனால் பார்த்த சாட்சி முக்கியம். சாட்சி வேண்டுமானால் தனியாகப் போகாதீர்கள்.

இனி பயிற்சியைப் பற்றி. முதலில் கம்பைத் தொட விடமாட்டோம், காலடிதான். முன்னங்கால், பின்னங்கால், விலகு, திரும்பு. கால் நின்ற இடத்தில் நின்றால் கை எவ்வளவு சுற்றினாலும் அடி விழத்தான் செய்யும். நெருப்புப் பந்தம் கட்டிச் சுற்றுவது, பானை மேல் ஏறி நின்று சுற்றுவது எல்லாம் திருவிழாவுக்கு அழகு, நாங்களும் கை தட்டுவோம். ஆனால் இருட்டில் வழிமறிக்கிறவன் உங்கள் சலாம் வரிசை முடியும் வரை காத்திருக்க மாட்டான். அதனால் இங்கே வீச்சு நான்கு, தடுப்பு நான்கு, குத்து ஒன்று, அவ்வளவுதான். இவை எட்டு மாதம் ஆனாலும் சரி, தூக்கத்தில் எழுப்பினாலும் வர வேண்டும்.

பஸ்ஸில், ஆலைக்குள் கம்பு கொண்டு போக முடியாதே என்று தங்கை ஒருத்தி கேட்டாள். சரியான கேள்வி. பிலிப்பைன்ஸ் முறையில் குச்சிக்கும் வெறுங்கைக்கும் கை போகிற பாதை ஒன்றுதான். குடை இருக்கிறது, சோற்றுத் தூக்கு இருக்கிறது, தோளில் துண்டு இருக்கிறது. பிடித்த கையை உதறுவது, சுவரில் முதுகு சாயாமல் விலகுவது, தொண்டை கிழியக் கத்துவது இதெல்லாம் பாடத்தில் உண்டு. கத்துவதைச் சிரித்துக்கொண்டு தள்ளிவிடாதீர்கள், நம் பெண்களுக்கு அதுதான் கஷ்டமாக வருகிறது. சத்தம் போடாதே என்று சொல்லிச் சொல்லியே வளர்த்துவிட்டோம். கத்தியைக் கண்டால் ஓடுங்கள். வெறுங்கையால் கத்தியைப் பிடுங்குவது சினிமாவில் நடக்கும். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

ஆனால் தோழர்களே, கம்புக்கு ஓர் எல்லை உண்டு. அதை மறைத்தால் உங்களை ஏமாற்றியவர்கள் ஆவோம்.

அந்தப் பிலிப்பைன்ஸ் தொழிலாளரையே பாருங்கள். பிழைப்புக்காக அமெரிக்காவின் கலிபோர்னியா போனார்கள், குனிந்த முதுகு நிமிராமல் வயலில் உழைத்தார்கள். குச்சிச் சண்டை தெரிந்தவர்கள் அவர்களில் நிறைய இருந்தார்கள். வயல் வேலை பார்த்த ஏஞ்சல் கபாலஸ் 1966-ல் ஸ்டாக்டன் நகரில் அதற்குப் பள்ளியே திறந்தார். இருந்தும் என்ன? 1930 ஜனவரியில் வாட்சன்வில் என்ற ஊரில் வெள்ளை நிறவெறிக் கும்பல் நாள்கணக்கில் அவர்களை வேட்டையாடியது. ஃபெர்மின் டொபேரா என்ற இளைஞன் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானான். குண்டை எந்தக் குச்சி தடுக்கும்? 1965 செப்டம்பர் 8-ந் தேதி டெலானோவில் லாரி இட்லியாங் தலைமையில் அதே தொழிலாளர் திராட்சைத் தோட்டத்தை விட்டு வெளியேறி வேலைநிறுத்தம் செய்தார்கள். சில நாட்களில் மெக்சிகோ வம்சத் தொழிலாளரும் கூடச் சேர்ந்தார்கள். 1970-ல் தோட்ட முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நாற்பது வருஷம் குச்சியால் வாங்க முடியாததை ஐந்து வருஷ ஒற்றுமை வாங்கியது.

அவ்வளவு தூரம் ஏன், உங்கள் சொந்தக்காரர்கள் கதையே இருக்கிறது. அரூர்ப் பக்கம் வாச்சாத்தி. அங்கே இருப்பவர்களும் உங்களைப்போல் மலையாளி மக்கள்தான். 1992 ஜூன் 20-ந் தேதி சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஊருக்குள் புகுந்தன. ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், அத்தனை பேரும் சர்க்கார் ஆட்கள்! அன்று அந்த ஊரில் நூறு சிலம்ப வாத்தியார்கள் இருந்திருந்தாலும் என்ன செய்திருக்க முடியும்? அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மலைவாழ் மக்கள் சங்கமும் கட்சியும் துணை நிற்க, அடையாள அணிவகுப்பில் அதிகாரிகளின் எதிரே நின்று, இவன்தான், இவன்தான் என்று விரலை நீட்டினார்கள். 2011 செப்டம்பர் 29-ல் தர்மபுரி கோர்ட் அத்தனை பேரையும் குற்றவாளி என்றது. அதற்குள் 54 பேர் செத்தே போயிருந்தார்கள். 2023 செப்டம்பர் 29-ல் சென்னை ஹைகோர்ட்டும் அதை உறுதி செய்தது. முப்பத்தோரு வருஷம்! அந்த நீட்டிய விரல் நடுங்கவில்லையே, அந்தத் திடத்தைத்தான் நாங்கள் இந்தக் களத்தில் தேடுகிறோம். கம்பு அதற்கு ஒரு வழி.

கடைசியாகக் கம்பு விஷயம். கடையில் வாங்க வேண்டாம், காசு வீண். கெட்டி மூங்கில், நெற்றி மட்டம், கணு நெருக்கமாக இருக்கட்டும். தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்து, எண்ணெய் தடவி வையுங்கள். காட்டில் வெட்டினால் கார்டு பிடிப்பானே என்று பயப்படுகிறீர்கள். 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம் மூங்கிலையும் சிறு வனப்பொருளில் சேர்த்திருக்கிறது. பரம்பரையாகச் சேகரித்து வந்த பழங்குடிக்கு அதில் உரிமை உண்டு. உரிமையைக் கேட்டு மனுப் போட வேண்டிய இடம் கிராம சபை. எத்தனை வீடு மனுப் போட்டிருக்கிறீர்கள்? கை தூக்குங்கள் பார்ப்போம்... சரி, மனு எழுதத் தெரிந்த இரண்டு தோழர்கள் கூட வந்திருக்கிறார்கள். பேச்சு முடிந்ததும் அந்தப் பலாமரத்தடியில் உட்காருவார்கள், வீட்டுக்கு ஒருவர் போய்ப் பேர் கொடுங்கள்.

பயிற்சி நாளை மாலை ஐந்து மணிக்கு. காலில் செருப்பு வேண்டாம், புடவைக்காரர்கள் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு வாருங்கள். கம்பு கிடைக்காதவர்களும் வரலாம், முதல் பத்து நாள் வெறும் காலடிதான்.