உப்புக் காற்றும் பழைய வண்டியும்

பழைய கெப் வண்டியொன்றை விலைக்கு வாங்கப் புறப்படுபவர் முதலில் அதன் முன்மூடியைத் திறந்து எஞ்சினைப் பார்ப்பார். பிறகு சாவியைத் திருப்பி அதன் ஒலியைக் கேட்பார். கண்டியிலோ பதுளையிலோ இது பொருத்தமான முறைதான். மன்னாரில் இவ்வளவோடு நிறுத்திக்கொள்பவர் ஏமாந்துபோகக் கூடும். பேசாலையிலோ தாழ்வுபாட்டிலோ பல ஆண்டுகள் மீன் சுமந்த வண்டியை மதிப்பிட வேண்டுமானால், ஒரு பாயை விரித்து அதன் அடியிற் படுத்து, சிறு சுத்தியலால் அடிச்சட்டத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று ஒலித்தால் அங்கே இரும்பு இருக்கிறது. மந்தமாக ஒலித்தால் இரும்பு இருந்த இடத்தில் துரு இருக்கிறது. எஞ்சின் பழுதானால் வேறோர் எஞ்சினைப் பொருத்தலாம். அடிச்சட்டம் போனாலோ வண்டியே போயிற்று.

கெப் என்று இலங்கையில் வழங்கும் இவ்வகை வண்டிகளிற் பெரும்பாலானவை ஏணி போன்ற இரும்புச் சட்டமொன்றின் மேல் அமைந்தவை. நீண்ட இரு சட்டங்கள், அவற்றை இணைக்கும் சில குறுக்குச் சட்டங்கள், அவ்வளவுதான். எஞ்சின், சாரதி அறை, பின்புறச் சரக்குத் தட்டு ஆகிய மூன்றும் அதன்மேல் போல்ட்டுகளாற் பூட்டப்பட்டிருக்கும். வீட்டு முற்றத்து வேப்பமர நிழலிலேயே ஒரு கெப்பைக் கழற்றிப் பூட்ட முடிவது இந்த எளிய அமைப்பினால்தான்.

இவ்வளவு பாடுபடுவதைவிடப் புதியதொன்றை வாங்கினால் என்ன என்று கேட்கலாம். அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு வழி மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய வண்டிகள் பல, வாங்கிய விலையினும் கூடிய விலைக்குக் கைமாறின. தடை நீங்கிய பின்னரும் வரிச்சுமை நீங்கவில்லை. கரையிலிருந்து மீனை ஐஸோடு ஏற்றிப் பட்டணத்துக்குக் கொண்டுபோய் விற்றுப் பிழைக்கும் குடும்பத்துக்குப் புதிய கெப் எட்டாக்கனியே. இருப்பதை ஓட்ட வேண்டும். அல்லது தொழிலை விட வேண்டும்.

இருப்பதை ஓட்டும் வித்தை வட மாகாணத்துக்குப் புதிதன்று. 1990இல் போர் மீண்டும் மூண்டபின், வன்னிப் பெருநிலத்திலும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் பெற்றோல் கிடைப்பது அரிதாயிற்று. அந்நாளில் 1950களில் வந்த ஒஸ்டின், மொறிஸ் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் எளிதில் ஆவியாவதில்லை; ஆகவே அதைக்கொண்டு எஞ்சினைக் கிளப்ப முடியாது. சிறு புட்டியொன்றில் உயிர்போற் காத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினைக் கிளப்புவர்; அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். பழைய எஞ்சின்கள் இதற்கு இணங்கியமைக்குக் காரணம் உண்டு. அவை எரிபொருட் கலவையை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காக மட்டுமே அமுக்குபவை. அதிகமாக அமுக்கும் பிற்கால எஞ்சின்களில் மண்ணெண்ணெய் உரிய நேரத்துக்கு முன்பே வெடித்து, பிஸ்டனை உடைத்துவிடும். இணங்கிய எஞ்சின்களும் சும்மா இணங்கவில்லை. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்தது. எண்ணெயை அடிக்கடி மாற்றாதவர்களின் எஞ்சின்கள் தேய்ந்து அழிந்தன. புகையையும் நாற்றத்தையும் அக்காலத்தவர் எவரும் மறந்திருக்கமாட்டார்.

அப்போது எரிபொருள் கிடைக்கவில்லை. இப்போது வண்டி கிடைக்கவில்லை. எரிபொருளுக்கு மாற்று இருந்தது. உப்புக்கு மாற்றில்லை.

மன்னார்த் தீவில் எங்கு நின்றாலும் கடல் சில மைல் தூரத்தில்தான். சோழகம் வீசும் மாதங்களிலும் வாடை வீசும் மாதங்களிலும் காற்று ஓய்வதேயில்லை. தீவின் தென்கரையில் 2020ஆம் ஆண்டில் 30 காற்றாலைகள் நிறுவப்பட்டமைக்கு அந்தக் காற்றே காரணம். அக்காற்றுக் கடற்றுளிகளைச் சுமந்து வந்து வண்டியின் அடியிற் படியச் செய்கிறது. நீர் உலர்ந்துவிட்டால் துருப்பிடிப்பதும் நின்றுவிடும் என்று எண்ணுவது பிழை. கடலுப்பிற் சமையலுப்பு மட்டும் இல்லை. மக்னீசியக் குளோரைட்டும் உண்டு. அது காற்றில் ஈரம் குறைவாயுள்ளபோதும் அந்த ஈரத்தை உறிஞ்சிக் கசியும். வெயிலில் உலர்ந்ததுபோலத் தோன்றும் சட்டத்தின் இடுக்கில், இவ்வாறு இராப்பகலாக ஈரம் தங்கியிருக்கிறது. உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை எளிதிற் கடத்துவதால் துரு விரைவிற் பரவுகிறது. இத்தனைக்கும் மேலாக, மீன்பெட்டிகளிலிருந்து ஒழுகும் ஐஸ்நீர் தட்டின் ஓட்டைகள் வழியே நேராகச் சட்டத்தின் மேல் விழுகிறது.

பனிநாடுகளும் இதே துன்பத்தை அறியும். அங்கே தெருப்பனியை உருக்க உப்புத் தூவுகிறார்கள். அமெரிக்காவிற் சில தொயோட்டா கெப் வண்டிகளின் அடிச்சட்டங்கள் துருவால் உளுத்தன என்று எழுந்த வழக்கில், ஏறத்தாழ 15 இலட்சம் வண்டிகளுக்குப் பரிகாரம் செய்ய அந்நிறுவனம் 2016இல் இணங்கியது. மன்னார்க் கரையில் ஓடும் முப்பது வயது வண்டிக்குப் பரிகாரம் செய்ய எந்த நிறுவனமும் வரப்போவதில்லை. அதன் உரிமையாளரே செய்துகொள்ள வேண்டும்.

சுத்தியலோடு தேட வேண்டிய இடங்கள் மூன்று: சாரதி அறைக்குப் பின்னாற் சட்டம் வளையும் இடம், பின் அச்சுக்கு மேலுள்ள பகுதி, ஸ்பிறிங் பட்டைகள் சட்டத்தோடு சேரும் தாங்கிகள். பெட்டிபோல மூடிய சட்டமானால் அதனுள் மணல் சேர்ந்து, ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். வெளிப்பூச்சு பளபளக்க, உள்ளே சட்டம் காகிதமாயிருப்பதுண்டு. புதிதாகக் கறுப்பு வர்ணம் பூசிய அடிச்சட்டத்தைக் கண்டால், வாங்குபவர் மகிழ்வதற்குப் பதிலாக ஐயுறுவதே தகும்.

பழுதுபார்க்கும்போது வண்டியை ஜாக்கியை மட்டும் நம்பி உயர்த்தி அதன் அடியிற் புகலாகாது. மணல் நிலத்தில் ஜாக்கி சரியும். அகன்ற பலகையை அடியில் இட்டு, உறுதியான மரக்குற்றிகளைச் சட்டத்துக்குக் கீழ் அடுக்க வேண்டும். வெல்டிங் தொடங்குமுன் பற்றறி இணைப்பைக் கழற்ற வேண்டும். எரிபொருட் தாங்கியை அப்புறப்படுத்த வேண்டும். வெறுந் தாங்கிதானே என்று பெற்றோல் தாங்கியை அருகில் வைப்பவர்கள் உண்டு. நிறைந்த தாங்கியைவிட ஆவி நிறைந்த வெறுந் தாங்கியே அதிகம் அஞ்சத்தக்கது. உளுத்த பகுதியின் மேல் தகடொன்றை ஒட்டி மறைப்பது பழுதுபார்த்தல் ஆகாது. நல்ல இரும்பு தென்படும்வரை வெட்டியகற்றி, சட்டத்தின் பருமனுக்குக் குறையாத தகட்டை இணைக்க வேண்டும். தகட்டின் முனைகளை நேராக வெட்டாமற் சாய்வாக வெட்டுவது நன்று. இல்லையேல் சட்டத்தைக் குறுக்கே கடக்கும் அந்த ஒட்டுவரியிலேயே பின்னர் அது முறியும். நாகம் பூசிய தகட்டை ஒட்டும்போது எழும் வெண்புகை காய்ச்சலை உண்டாக்கும். பூச்சை முதலில் தேய்த்தெடுத்து, காற்றோட்டமான வெளியில் வேலை செய்யவேண்டும்.

தடுப்புக் குழாய்களை எவரும் கவனிப்பதில்லை. சட்டத்தோடு அவற்றைப் பிடித்திருக்கும் கொளுவிகளுக்கு அடியில் உப்பு தங்கி, கண்ணுக்குத் தெரியாமல் குழாயை அரிக்கும். பிறேக்கை மெதுவாக மிதிக்கும்போது தாங்கும் குழாய், திடீரென ஓங்கி மிதிக்கும்போதே வெடிக்கும். அதாவது பிறேக் மிகவும் வேண்டப்படும் அந்தக் கணத்தில்.

இனி மாற்றியமைத்தல். கரையோரத்துக் கெப் உரிமையாளர் விரும்பும் மாற்றங்கள் பெரும்பாலும் இரண்டே. ஸ்பிறிங்கில் மேலும் இரு பட்டைகளைச் சேர்ப்பது ஒன்று; தட்டைப் பின்னே நீட்டுவது மற்றொன்று. முன்னது வண்டியின் பலத்தைக் கூட்டுவதாகத் தோன்றும். உண்மையில் ஸ்பிறிங் வளையாதபோது அடி முழுவதும் அதன் தாங்கிக்கும் சட்டத்துக்கும் போகிறது. சட்டமோ ஏற்கெனவே உப்பு தின்றது. பின்னது இன்னும் தீது. பின் அச்சுக்கு அப்பால் ஏறும் பாரம் துலாவைப்போல முன்சக்கரங்களைத் தூக்கும். ஸ்டியறிங் இலேசாகிவிட்டது என்று சாரதி மகிழ்வார். சக்கரம் தெருவைப் பற்றவில்லை என்பது வளைவிலேதான் தெரியவரும். வாரநாட்களில் மீன் ஏற்றும் அதே தட்டில், ஆவணியில் மடுத் திருவிழாவுக்குப் பிள்ளைகளும் பாட்டிமாரும் ஏறியமர்வதுண்டு என்பதை எண்ணிப் பார்த்தால், இவ்வளவு கண்டிப்பு மிகையென்று தோன்றாது.

மரத்தட்டு அமைப்பதை மட்டும் குறைகூற இயலாது. லொறிச் சட்டத்தின்மேல் பலகையால் உடல் அமைத்து ஆளையும் சரக்கையும் ஒன்றாய் ஏற்றிய யாழ்ப்பாணத்துத் தட்டிவான், இந்த மண்ணின் தச்சர்கள் வாகனக் கலைக்கு அளித்த கொடை. பலகை துருப்பிடிப்பதில்லை, உடைந்தால் ஒரு பலகையை மாற்றினாற் போதும். ஆனால் அதைப் பூட்டுவதற்கான துளைகளைச் சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் இடலாகாது. பாரத்தைத் தாங்குபவை அவ்விளிம்புகளே. நடுச்சுவரிற் துளையிடுவது முறை. எஞ்சினையோ உடலையோ மாற்றினால், மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்திற் பதிவையும் திருத்திக்கொள்ள வேண்டும். சட்டத்திற் பொறித்த இலக்கத்தின்மேல் அரமும் வெல்டிங்கும் படவே கூடாது. அது அழிந்தால் வண்டி தன்னுடையதென்று நிறுவுவதே பெரும்பாடாகிவிடும்.

இவ்வளவுக்கும் பின் நாள்தோறும் வேண்டிய மருந்து நல்ல தண்ணீர். கரையிலிருந்து திரும்பிய வண்டியின் அடிப்பக்கத்தைக் கழுவ வேண்டும்; கிணற்று நீர் உவராயிருந்தால் மழைநீரைச் சேர்த்துவைத்துக் கழுவ வேண்டும். உவர்நீராற் கழுவுவது உப்புக்கு உப்புச் சேர்ப்பதே. கழுவி உலர்ந்தபின் கிறீஸோ மெழுகுப் பூச்சோ பூசலாம். சிலர் எஞ்சினிலிருந்து வடித்த கழிவெண்ணெயைப் பூசுகிறார்கள். அது செலவில்லாதது, துருவையும் ஓரளவு தடுக்கும். ஆனால் இறப்பர்ப் பாகங்களைக் கெடுத்து, மணலிற் சொட்டும். மன்னார்த் தீவின் நன்னீர் மணலுக்கடியில், உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய படலமாகத்தான் இருக்கிறது. முற்றத்து மணலில் விழுந்தது அதே முற்றத்துக் கிணற்றுக்குப் போய்ச் சேர அதிக காலம் ஆகாது. கழிவெண்ணெயை மூடியுள்ள தகரப் பேணியில் வடித்து வைத்து, அடுத்த முறை பட்டணம் போகும்போது சேர்விஸ் நிலையத்திற் கொடுத்துவிடலாம்.